கொள்ளைநோயும் தூரத்துப் பச்சையும்

கொள்ளைநோய் ஒரு நாட்டைத் தாக்கும்போது அந்நாட்டின் இலக்கியத்தையும் அது தீண்டாமற் செல்வதில்லை. நோய்க் காலத்தில் எழுத்தாளன் எதை எழுதுகிறான், எதை எழுதாமல் விடுகிறான் என்பதைக் கொண்டு, அவன் யாரோடு நிற்கிறான் என்பதை ஓரளவு மதிப்பிட்டுவிடலாம். 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் கதவுகள் அடைக்கப்பட்டபோது, படித்த வகுப்பினர் பலர் ஏறத்தாழ 670 ஆண்டுகளுக்கு முற்பட்ட இத்தாலிய நூலொன்றைத் தேடி எடுத்தனர். பொக்காச்சியோவின் 'டெக்காமெரோன்' என்னும் கதைத் தொகுதியே அது. நியூயோர்க் நகரத்துப் பெரும் பத்திரிகையொன்று, அந்நூலின் பெயரைச் சூட்டியே புதிய சிறுகதைத் தொகுப்பொன்றையும் அவ்வாண்டில் வெளியிட்டது. தமிழிலும், நகரத்தை விட்டு நாட்டுப்புறம் சென்று அமைதி காணும் எண்ணம் கவிதையாகவும் கட்டுரையாகவும் நாட்குறிப்பாகவும் பெருகியதை வாசகர் அறிவர். பறவைகள் திரும்பி வந்தன, ஆறுகள் தெளிந்தன, காற்றுத் தூய்மை பெற்றது, கிராமம் நம்மை அழைக்கிறது என்றெல்லாம் எழுதப்பட்டது. இந்த எண்ணத்தின் வேர் எங்கே உள்ளது, அது எதைக் காட்டி எதை மறைக்கிறது என்று ஆராய்வதே எமது நோக்கம்.

முதலில் மூல நூலைப் பார்ப்போம். 1348 ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நகரைக் கொள்ளைநோய் அழிக்கின்றது. செல்வக் குடும்பங்களைச் சேர்ந்த ஏழு பெண்களும் மூன்று ஆடவரும் தேவாலயமொன்றிற் சந்தித்து, நகருக்கு வெளியே உள்ள மாளிகைக்குச் செல்லத் தீர்மானிக்கின்றனர். அங்கே புல்வெளி உண்டு, நீரூற்று உண்டு, குளிர்ந்த திராட்சை மதுவும் உண்டு. நாளுக்கொருவர் தலைமை தாங்க, ஒவ்வொருவரும் நாளுக்கொரு கதை சொல்ல, பத்து நாட்களில் நூறு கதைகள் நிறைவுறுகின்றன. முதல் நாள் தலைவியாகும் பாம்பினேயா பணியாளர்க்கு ஓர் ஆணை இடுகிறாள். வெளியே எதைக் கண்டாலும் எதைக் கேட்டாலும், மகிழ்ச்சியான செய்தியைத் தவிர வேறெதையும் உள்ளே கொண்டுவரலாகாது என்பதே அந்த ஆணை.

இந்த ஆணை யாருக்கு இடப்பட்டது என்பதை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். கதை சொல்வோர் பத்துப் பேர் என்றே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆயின் அம்மாளிகைக்குச் சென்றவர் பதினேழு பேர். ஏழு பணியாளரும் உடன் சென்றனர். அவர்களுக்கும் ஆசிரியர் பெயர் தந்திருக்கிறார். பார்மெனோ மேற்பார்வை செய்கிறான். சிரிஸ்கோ கொள்முதலைக் கவனிக்கிறான். மிசியாவும் லிசிஸ்காவும் சமைக்கின்றனர். மற்றையோர் அறைகளைத் துப்புரவாக்கி ஏவல் செய்கின்றனர். பொருள் கொள்வதற்காக நோய் பரவிய உலகோடு உறவாட வேண்டியவர்கள் இவர்களே. பத்துப் பேரின் அமைதி, இவர்களின் உழைப்பினாலும் இவர்கள் ஏற்ற ஆபத்தினாலும் ஆனது. ஆறாம் நாள் கதைகள் தொடங்கும் வேளையில் அடுக்களையிலிருந்து பெருங்கூச்சல் எழுகிறது. லிசிஸ்காவும் தின்தாரோ என்னும் பணியாளனும் வாய்ச்சண்டை போடுகின்றனர். இருவரும் அழைத்து விசாரிக்கப்படுகின்றனர். லிசிஸ்கா மணமான பெண்களைப் பற்றித் தனக்குத் தெரிந்த உண்மையைத் தங்குதடையின்றிப் பொழிகிறாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். வழக்கு அவள் பக்கமே தீர்க்கப்படுகிறது. எனினும் அவள் மேலும் பேச முற்பட்டபோது, வாயை மூடாவிடிற் சவுக்கடி கிடைக்கும் என்று அன்றைய தலைவி அதட்டி அவளை அனுப்பிவிடுகிறாள். மறுநாட் கதைகளின் பொருளைத் தீர்மானிப்பதற்கு அவள் பேச்சே தூண்டுகோலாகிறது. ஆனால் நூறு கதைகளில் ஒரு கதையைத்தானும் சொல்லும் உரிமை அவளுக்குக் கிடைக்கவில்லை. கதைக்குப் பொருள் தந்தவள் அடுக்களைக்குத் திரும்புகிறாள்.

இதனால் பொக்காச்சியோவை நாம் குறை கூறுகிறோம் எனக் கொள்ளலாகாது. நூலின் முகப்பிலேயே நகரத்துச் சாவை அவர் அஞ்சாது எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியமாக, நகரை அடுத்த நாட்டுப்புறத்தில் வறிய உழவரும் அவர்தம் குடும்பங்களும் மருத்துவரும் துணையுமின்றி, வழியிலும் வயலிலும் வீட்டிலும் விலங்குகளைப் போல மடிந்தனர் என்றும், விளைந்த பயிரை அறுப்பாரின்றிக் கால்நடைகள் தாமே மேய்ந்து திரிந்தன என்றும் அவரே பதிவு செய்துள்ளார். அதாவது, பத்து இளைஞர் தேடிச் சென்ற நாட்டுப்புறம் நோயற்ற நாட்டுப்புறமன்று. மதில் சூழ்ந்த மாளிகையைத்தான் அவர்கள் அடைந்தனர். லிசிஸ்காவின் குரலை அடக்கியது கதையிலுள்ள தலைவி. அக்குரலை எமது காதுக்கு எட்டச் செய்தவர் ஆசிரியர். பெருங் கலைஞனின் நேர்மை இது. அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்ட எமது காலத்தவர் பலர், புல்வெளியை எடுத்துக்கொண்டு வயலையும் அடுக்களையையும் விட்டுவிட்டனர் என்பதே எமது குற்றச்சாட்டு.

2020 ஆம் ஆண்டின் இத்தாலிய நாட்டுப்புறம் எவ்வாறு இருந்தது? அவ்வாண்டு பெப்ரவரி பிற்பகுதியில் நோய் வெளிப்பட்ட கொதோஞ்ஞோ, லொம்பார்டி மாநிலத்தின் பால்வள நிலங்களின் நடுவேயுள்ள சிற்றூராகும். அதனையும் அயலிலுள்ள ஊர்களையும், வெனெத்தோ மாநிலத்து ஊரொன்றையும் சேர்த்துப் பதினொரு ஊர்கள் அடைக்கப்பட்டன. மார்ச்சு 9 ஆம் நாள் முழு நாட்டுக்கும் முடக்கம் அறிவிக்கப்பட்டது. ஆயின் பசுவுக்கு முடக்கம் தெரியாது. நாளுக்கு இருமுறை பால் கறந்தேயாக வேண்டும். பழமும் காய்கறியும் அரசாங்கக் கட்டளைக்காகப் பழுக்காமல் நிற்பதில்லை. கடைகளின் முன் மக்கள் இடைவெளி விட்டு வரிசையில் நின்ற அந்நாட்களிலும் கடைத்தட்டுகள் வெறுமையடையாதிருந்தன என்றால், எவரோ வயலில் நின்றனர் என்பதே பொருள். தெற்கே புல்லியாவிலும் கலாப்ரியாவிலும் தக்காளியும் தோடம்பழமும் பறிப்போரிற் பெருந்தொகையினர் ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்தோர். தகரத்தாலும் பலகையாலும் ஆன குடிசைகளில், போதிய குடிநீருமின்றி அவர்களில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். கையைக் கழுவுங்கள் என்று வானொலி கூறிற்று, கழுவுவதற்கு நீரில்லை. வீட்டில் இருங்கள் என்று அரசு கூறிற்று; இருப்பதற்கு வீடில்லை.

அறுவடைக்கு ஆள் கிடையாது என்ற அச்சம் எழுந்த பின்னரே, 2020 மே மாதத்தில் இத்தாலிய அரசாங்கம் ஆவணமற்ற தொழிலாளர்க்குத் தற்காலிக வதிவுரிமை கோர வழி திறந்தது. வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்குமே அது பொருந்தியது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வீட்டுப் பணியாளர்க்குரியவை. வயலில் நின்றவரிற் சிறு பகுதியினரே பயன் பெற்றனர். மனிதரின் உடல்நலத்தைவிடப் பயிரின் நலமே பெரிதாக எண்ணப்பட்டது எனக் கண்டித்து, மே 21 ஆம் நாள் வயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 'கண்ணுக்குத் தெரியாதோரின் வேலைநிறுத்தம்' என்று அதற்குப் பெயரிடப்பட்டது. லிசிஸ்கா அடுக்களையிலிருந்து மீண்டும் வெளியே வந்து பேசினாள் என்றே நாம் இதைப் பொருள்கொள்கிறோம்.

இத்தாலியைப் பற்றி எமக்கு என்ன கவலை என்று சிலர் வினவக்கூடும். அந்நாடு எமக்கு அவ்வளவு தொலைவானதன்று. வென்னப்புவ, நீர்கொழும்பு முதலான கரையோர ஊர்களிலிருந்து சென்று, இத்தாலிய வீடுகளில் முதியோரைப் பராமரித்தும் சமைத்தும் துப்புரவு செய்தும் பிழைப்போர் பல்லாயிரவர். இலங்கைக்குள் நோய் கண்டறியப்பட்ட முதல் இலங்கையர், இத்தாலியப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் பணிபுரிந்த ஒருவரே. அவ்வாண்டு மார்ச்சு 20 ஆம் நாள் மாலை தொடங்கி இங்கும் ஊரடங்கு நிலவியது. அதன் பின் என்ன நடந்தது என்பதற்கு மருதானையைச் சூழ்ந்த வீதிகளே சாட்சி.

இத்தாலிய வயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த அதே மே 21 ஆம் நாளன்று, மருதானைக்கு அயலிலுள்ள மாளிகாவத்தையில், நோன்பு காலத்துத் தருமமாகப் பணம் பகிர்ந்தளிக்கப்பட்ட இடத்தில் நெரிசல் ஏற்பட்டது. மூன்று பெண்கள் மிதிபட்டு இறந்தனர். மேலும் பலர் காயமுற்றனர். அவர்களை அங்கு கூட்டியது எது? இரண்டு மாதங்களாக நாட்கூலி இல்லை. சுமை தூக்குவோர், தள்ளுவண்டிக்காரர், தையல் வேலை செய்வோர், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் ஆகியோர் நிறைந்த பகுதி அது. சில ஆயிரம் ரூபாய்க்காக உயிரைப் பணயம் வைக்கும் நிலைக்கு ஊரடங்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. இந்த மூன்று மரணங்களும் கொவிட் மரணங்களின் கணக்கிற் சேரவில்லை. அவற்றை எழுதிவைக்க வேண்டிய இலக்கியமும் அவற்றைத் தன் கணக்கிற் சேர்த்துக்கொள்ளவில்லை. 2020 ஒக்டோபரில் இரண்டாவது அலை எழுந்து, மருதானை, தெமட்டகொடை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய பகுதிகள் மீண்டும் அடைக்கப்பட்டபோதும், தொடர்மாடிகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் ஒரே அறையில் மூன்று தலைமுறையினர் அடைபட்டிருந்த வாழ்வு கதையாகவோ நாடகமாகவோ மிக அரிதாகவே வெளிவந்தது.

கொழும்பில் அக்காலத்தில் எழுதியோர் பெரும்பாலும் எதை நோக்கினர்? வெள்ளவத்தையின் மேல்மாடியில் நின்று கடலை நோக்கினர். அல்லது நினைவில் மலைநாட்டை நோக்கினர். நகரம் நோயுற்றது, மலை நலமாயிருக்கிறது என்ற பாட்டையே பலரும் பாடினர். 'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பது நம்மவர் பழமொழி. கோகிலம் சுப்பையா தமது தோட்டத் தொழிலாளர் நாவலுக்கு 1964 இல் 'தூரத்துப் பச்சை' என்று பெயரிட்டபோது, அப்பழமொழியின் ஏளனத்தை முற்றும் உணர்ந்தே பெயரிட்டார். பசுமையென நம்பி வந்தவர்கள் அட்டைக்கும் குளிருக்கும் கங்காணிக்கும் இரையான வரலாறு அது. அந்நாவல் வெளிவந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும், அதே பச்சையைத் தூரத்தில் நின்றே வியக்கும் எழுத்து எமக்கு இன்னும் தேவைதானா?

கிட்டச் சென்று பார்ப்போம். ஊரடங்கு நிலவிய நாட்களிலும் தேயிலைத் தோட்டங்களில் வேலை தொடர அனுமதிக்கப்பட்டது. தேயிலை ஏற்றுமதிப் பொருளன்றோ? ஒருவருக்கொருவர் ஒரு மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்று நாடு முழுவதும் ஓதப்பட்ட காலத்தில், கொழுந்து பறித்துத் திரும்பிய பெண் நுழைந்த லயக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முதுகோடு முதுகு ஒட்டிய காம்பிராக்கள், பல வீட்டாருக்குப் பொதுவான ஒரு தண்ணீர்ப் பீலி, தொலைவிலுள்ள மலசலகூடம் என்பவற்றுக்கு நடுவே இடைவெளிக்கு இடமேது? கொழும்பின் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த தோட்டத்து இளைஞரும் யுவதியரும், வேலையும் இழந்து வழியும் அடைபட்டுத் தவித்தனர். மருதானை வழியாக மலைநாடு செல்லும் புகையிரதம் ஓடவில்லை. பின்னர் ஒருவாறு ஊர் சேர்ந்தவர்களை, நோயைக் கொண்டுவந்தவர்கள் என்ற ஐயம் வரவேற்றது. 2020 மார்ச்சிலிருந்து நாட்கூலி 1000 ரூபாவாகும் என்று கூறப்பட்டிருந்தது. அடிப்படைக் கூலியோ 700 ரூபாவாகவே நீடித்தது. 1000 ரூபா சட்டமாவதற்கு 2021 மார்ச்சு வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் பின்னரும், பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டது, வேலை நாட்கள் குறைக்கப்பட்டன என்ற முறைப்பாடுகள் பல தோட்டங்களிலிருந்து எழுந்தன. இதுவே எமது நாட்டுப்புறத்தின் கொள்ளைநோய்க்கால அன்றாட வாழ்வு. எமது மேல்மாடிக் கவிஞர் காலையில் அருந்திய தேநீர் இங்கிருந்தே சென்றது.

கொள்ளைநோயை நேர்கொண்டு எழுதிய மற்றோர் இத்தாலியரை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். 1827 இல் முதற்பதிப்புக் கண்ட மன்சோனியின் 'மணம் பேசப்பட்டோர்' என்னும் நாவலின் தலைவனும் தலைவியும் நாட்டுப்புறத்துப் பட்டாலைத் தொழிலாளர். மிலான் நகரின் 1628 ஆம் ஆண்டுப் பாண் கலகத்தையும், 1630 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயையும் அவர்களின் வழியாகவே நாம் காண்கிறோம். போரும் பஞ்சமும் முதலில் வந்தன, நோய் அவற்றின் பின்னே வந்தது என்ற காரணத் தொடரை மன்சோனி மறைக்கவில்லை. தலைவன் ரென்ஸோ தன் ஊருக்குத் திரும்பும்போது, அவனுடைய திராட்சைத் தோட்டம் களைகள் மண்டிக் கிடக்கிறது. அயலார் விறகுக்காக அதை வெட்டிச் சென்றுவிட்டனர். இயற்கை திரும்பி வந்தது என்று மகிழ்பவர்கள் அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். உழைப்பவனுக்குக் களை என்பது அழகிய காட்சியன்று. அவனது இல்லாமையின் அடையாளம்.

மன்சோனி இன்னோர் உண்மையையும் காட்டினார். நோய்க்குக் காரணம் அறியாத அதிகாரமும் கூட்டமும் குற்றவாளியைத் தேடின. மிலானில் நஞ்சு பூசி நோயைப் பரப்பினர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, நாவிதரொருவரும் சுகாதார அலுவலரொருவரும் சித்திரவதைக்குள்ளாகி 1630 இற் கொல்லப்பட்டனர். நாவிதரின் வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் பழிச்சொல்லுக்குரிய தூண் ஒன்று நாட்டப்பட்டது. அத்தூண் 1778 இற் தகர்க்கப்பட்டது. பழி சுமந்த தூண் நீதிபதிகளுக்கே பழியாயிற்று என்பதை விளக்க மன்சோனி தனி நூலே எழுதினார். எம் நாட்டில் என்ன நடந்தது? உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்தலையும் தகனத்தையும் ஒருங்கே அனுமதித்திருந்தும், 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. முஸ்லிம் மக்களே நோயைப் பரப்புகின்றனர் என்ற அவதூறும் உடன் உலவியது. பிறந்து இருபது நாளேயான சிசுவின் உடலும் அவ்வாண்டின் இறுதியிற் தகனம் செய்யப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகளை முடிந்து மக்கள் தம் துயரை வெளியிட்டனர். 2021 பெப்ரவரி இறுதியிலேயே அக்கட்டளை நீங்கியது. அடக்கத்துக்குத் தொலைவிலுள்ள ஓட்டமாவடி ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. தூண் தகர்வதற்கு மிலானில் நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. இங்கே நான்கு ஆண்டுகளில் மன்னிப்பு வந்தது. எனினும், அந்த நாட்களில் எத்தனை தமிழ் எழுத்தாளர் அவ்வெள்ளைத் துணியின் பக்கம் நின்றனர் என்ற கேள்வியை எந்த மன்னிப்பும் தீர்த்துவிடாது. எம்மையும் சேர்த்தே இக்கேள்வியை எழுப்புகிறோம்.

இவ்விடத்து ஒரு மறுப்புரையை எதிர்பார்க்கிறோம். இலக்கியம் செய்தித்தாளன்று, துன்ப காலத்தில் மனத்துக்கு ஆறுதல் தருவதும் அதன் கடமையே, பறவையைப் பாடியது குற்றமா என்பர். ஆறுதலை நாம் வெறுக்கவில்லை. சாவின் நடுவே சிரிக்கும் மனித ஆற்றலுக்கு 'டெக்காமெரோன்' ஒரு சான்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். யாருக்கு ஆறுதல், யாருடைய செலவில் ஆறுதல் என்பதே எமது வினா. பறவையைப் பாடுக, ஆயின் அப்பறவை அமர்ந்த மரத்தடியிற் கொழுந்துக் கூடையுடன் நின்றவளைக் காணவில்லை என்று பாடாதீர். அவளை விலக்கிய பின்னரே காட்சி அழகு பெறுகிறதென்றால், அந்த அழகில் ஒரு பொய் கலந்திருக்கிறது. கலையின் பார்வையிலும் அது குறைபாடே. ஏனெனில் அரைகுறையாகக் கண்ட உலகத்திலிருந்து முழுமையான படைப்புப் பிறப்பதில்லை.

வேறுவகையான முன்மாதிரியும் எம் நாட்டு வரலாற்றில் உண்டு. 1934 இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றி, தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியிலும் 1935 இலும் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. உணவின்றி மெலிந்திருந்த கிராம மக்களே பெருந்தொகையாக மாண்டனர். அப்போது சூரிய மல் இயக்கத்து இளைஞர், கொழும்பின் வசதிகளை விட்டுக் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தும் பருப்பும் சுமந்து சென்றனர். நோய்க்குக் காரணம் நுளம்பு மட்டுமன்று, வறுமையும் காலனி ஆட்சியின் புறக்கணிப்புமே என்பதை அங்கே அவர்கள் கண்ணாரக் கண்டனர். 1935 டிசம்பரில் அவர்களுட் பலர் கூடி லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். அவர்களும் நகரத்திலிருந்து நாட்டுப்புறம் சென்றவர்களே. பாம்பினேயாவின் கூட்டம் நோயைக் காணாதிருப்பதற்குச் சென்றது. இவர்கள் காண்பதற்குச் சென்றனர்.

எமது ஆசிரிய நண்பருக்கும் மாணவத் தோழருக்கும் இவ்வளவையும் கூறுவதற்குக் காரணமுண்டு. பெருந்துன்பங்களின் நினைவு விரைவில் அழிந்துவிடும்; எழுதி வைத்தவனின் நினைவே வரலாறாக நிலைபெறும். கைத்தொலைபேசியில் அலை பிடிப்பதற்காக மேடுகளில் ஏறிப் பாடம் கேட்ட தோட்டத்துப் பிள்ளைகள் இன்று இளைஞராகிவிட்டனர். வீட்டில் ஒரே தொலைபேசி இருக்க, அதைத் தந்தையார் வேலைக்குக் கொண்டுசெல்ல, பாடத்தை இழந்த மாளிகாவத்தைப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டனர். அவர்கள் உங்கள் வகுப்பறைகளில் இருந்தவர்கள். அவர்களின் தாய்மார் அந்த இரண்டு ஆண்டுகளில் அடுப்பில் எதை ஏற்றினர், எதை அடகு வைத்தனர், எவரிடம் கடன் பட்டனர், எந்த மரணத்துக்குச் செல்ல முடியாது போயினர் என்பனவற்றைக் கேட்டு எழுதுவியுங்கள். கட்டுரைப் பாடத்துக்கு வசந்த காலத்தை வருணிக்கச் சொல்வதைச் சற்றே நிறுத்திவைத்து, 2020 ஆம் ஆண்டின் ஒரு நாளை எழுதச் சொல்லுங்கள். சொல்லழகு குறைந்திருந்தாலும் பாதகமில்லை. நாளைய நாவலாசிரியனுக்கு அதுவே மூலப்பொருள்.

பொக்காச்சியோவின் பத்து இளைஞர் இரண்டு வாரங்களின் பின் நகருக்குத் திரும்பித் தத்தம் வீடு சேர்ந்தனர். உடன் சென்ற ஏழு பணியாளர் என்ன ஆயினர் என்று நூல் கூறவில்லை. அவர்களின் கதை இன்னும் சொல்லப்படாமலே கிடக்கிறது. அதைச் சொல்லும் பொறுப்பு எம்முடையது.